குட்டி வாய் திறக்க... செலவில்லாத வீட்டுக் குறிப்புகள்

பிள்ளைக்கு ஒரு வயசு தாண்டினதும் வீட்டுக்கு வர்றவங்க கேட்கிற முதல் கேள்வி, “என்ன, பேச ஆரம்பிச்சாச்சா?” அதுக்குப் பயந்து ஃபிளாஷ் கார்டு, பேசுற பொம்மை, மாசச் சந்தா ஆப் என்று பர்ஸைத் திறக்க வேண்டாம் தோழிகளே! (அப்பாக்களும் தாத்தாக்களும் தாராளமா படிக்கலாம்.) எப்படியும் செய்யப்போற வீட்டு வேலைக்கு நடுவே முடிச்சிடக்கூடிய சங்கதிகள்தான் கீழே இருக்கிறது. ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன்: பிள்ளைகிட்ட ஓயாம பேசினா மட்டும் போதாது, அது பதில் சொல்ல இடம் விடணும். இதுல பல குறிப்புகள் அந்த இடத்தை விடறது எப்படிங்கிறதைப் பத்தித்தான்.

1. வயித்துக்குள்ள இருக்கும்போதே, ஆறேழு மாசத்துல, குழந்தைக்குக் காது கேட்க ஆரம்பிச்சிடும். பிறந்ததும் அம்மா குரலைத் தனியா அடையாளம் கண்டுக்கும். அதனால “இதுக்கு என்ன புரியப்போகுது” என்று இருக்காம, துணி மாத்தும்போதே பேச்சைத் தொடங்கிடுங்க.

2. மூணு மாசக் குழந்தை “ங்கா” என்றால், நீங்களும் ஒரு “ங்கா” சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டுக் காத்திருங்க. கொஞ்ச நேரத்துல அது திரும்பச் சொல்லும். ‘ஒரு முறை நீ, ஒரு முறை நான்’ என்கிற பேச்சுப் பழக்கம் இங்கேயே பிடிபட ஆரம்பிக்குது.

3. மாமியார் ராகம் போட்டு, இழுத்து இழுத்துக் கொஞ்சறதைப் பார்த்துச் சிரிக்காதீங்க. ஏத்த இறக்கத்தோட நிதானமா வர்ற குரலைத்தான் குழந்தைகள் அதிகமா கவனிக்குது. ராகம் எவ்வளவு வேணும்னாலும் இருக்கட்டும், உள்ளே இருக்கிற சொல் நிஜச் சொல்லா இருந்தா போதும்.

4. கேள்வி கேட்டுட்டு மனசுக்குள்ள மெதுவா பத்து வரைக்கும் எண்ணுங்க. பெரியவங்களுக்குப் பதில் பட்டுன்னு வந்துடும். ஒன்றரை வயசுப் பிள்ளை கேட்டதைப் புரிஞ்சு, சொல்லைத் தேடி, வாயைக் கூட்டி வர நேரம் எடுக்கும். நடுவுல நாமளே “பால் வேணுமா? பால்தானே? இந்தா பால்” என்று முடிச்சுட்டா அதுக்கு என்ன வேலை மிச்சம்?

5. நின்னுக்கிட்டே மேலேர்ந்து பேசறதை விட, தரையில உட்கார்ந்து முகத்துக்கு முகம் பேசறது மேல். உதடு எப்படிக் குவியுது, நாக்கு எங்கே போகுதுன்னு பிள்ளை பார்த்துக் கத்துக்கும். நறுக்கற வேலையை மேடையில முடிச்சுட்டு, ஆயற வேலையையும் உரிக்கிற வேலையையும் தரைக்குக் கொண்டுவந்துடுங்க.

6. கீரை ஆயறது இதுக்குன்னே வாய்ச்ச வேலை! ஒரு கட்டு முளைக்கீரையை முறத்துல போட்டு எதிரே பிள்ளையை உட்கார வைங்க. “இலை... தட்டுல போடு. தண்டு... கூடையில போடு. அய்ய, மண்ணு... தட்டு, தட்டு.” அதே நாலு சொல் திரும்பத் திரும்ப வரும், சொல்லும்போதே கையிலயும் அந்தப் பொருள் இருக்கும். நாலாவது தண்டு வரும்போது “தண்டு...” என்று இழுத்து நிறுத்திப் பாருங்க, “போது” என்று ஒரு குரல் வரலாம். கீரை கொஞ்சம் கசங்கும்தான், மசியல் பண்ணிக்கலாம்.

7. நம்ம வாக்கியத்துல வினைச்சொல் கடைசியில வர்றது ஒரு வசதி. “பூரியை உருட்டு”, “மாவைக் கிள்ளு”, “தண்ணியை ஊத்து” என்று கடைசிச் சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க. பொருள்களோட பேரை மட்டும் கத்துக்கிட்ட பிள்ளைக்கு வாக்கியம் அமைக்க வராது, அதுக்கு எடு, குடு, வா, போ எல்லாமே வேணும்.

8. “என்ன சாப்பிடற?” என்று பொதுவா கேட்டா பிள்ளை முழிக்கும். ஒரு கையில வாழைப்பழம், ஒரு கையில கொய்யாப்பழம் வெச்சு, “வாழைப்பழமா, கொய்யாவா?” என்று கேளுங்க. பதில் கேள்விக்குள்ளேயே இருக்கறதால எடுத்துச் சொல்ல சுலபம்.

9. முறுக்கை, பிஸ்கட்டை கண்ணுக்குத் தெரியற கண்ணாடி டப்பாவுல போட்டு, மூடியை இறுக்கி, பிள்ளை கையிலயே கொடுத்துடுங்க. திறக்க வராம உங்ககிட்ட கொண்டுவரும். அப்போ சட்டுன்னு திறக்காம, “திறக்கணுமா?” என்று கேட்டுட்டு நிறுத்துங்க. “தொற” என்றாலும் சரி, “தொ” என்றாலும் சரி, உடனே திறந்துடுங்க. அழ வைக்கிற அளவுக்கு இழுத்தா விளையாட்டு கெட்டுடும்.

10. தட்டுல ஒரேடியா நாலு போடாம ஒண்ணே ஒண்ணு வைங்க. “இன்னும்”, “வேணும்”, “போதும்” மூணும் இப்படித்தான் தானா வரும். மிச்சம் வைக்கிறதும் குறையும்.

11. எப்பவாவது வேணும்னே கோட்டை விடுங்க. சாக்ஸைக் கையில மாட்டுங்க, ஸ்பூனைத் தலைகீழா பிடிச்சு ஊட்டுங்க, சீப்பை எடுத்துப் பல் தேய்க்கப் போங்க. சொல்லிக் கொடுக்கும்போது வாயைத் திறக்காத பிள்ளை, அம்மா செய்யறது சரியில்லைன்னா சொல்லாம இருக்காது!

12. பிள்ளை ஒரு சொல் சொன்னா அதோட ஒண்ணோ ரெண்டோ சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்க. “காக்கா” என்றால் “ஆமா, கறுப்புக் காக்கா”. “காக்கா போ” என்றால் “காக்கா பறந்து போச்சு”. பெரிய பிரசங்கம் தேவையில்லை, பிள்ளை நிற்கிற படிக்கு ஒரு படி மேல நின்னா போதும்.

13. “வாயப்பயம்” என்றால் “அப்படி இல்ல, வாழைப்பழம் சொல்லு, ழ, ழ” என்று உயிரை எடுக்காதீங்க. “ஓ, வாழைப்பழமா, இந்தா வாழைப்பழம்” என்று சரியான சொல்லை ரெண்டு தடவை காதுல போட்டுட்டு நகர்ந்துடுங்க. ப, ம, த எல்லாம் சீக்கிரம் வரும். ழ, ற மாதிரி நாக்கை வளைக்கிற ஒலிகள் நாலஞ்சு வயசு வரைக்கும்கூட பிடிகொடுக்காது.

14. அந்த மழலை அழகா இருக்கேன்னு நாமளும் “வாயப்பயம்” என்றே பேசறது வேண்டாம். பிள்ளைக்கு எது சரின்னு கேட்க வேற ஆள் யாரு? கொஞ்சறதுக்கு ஜோஜோ, மம்மு, ஆனை, டாட்டா எல்லாம் இருக்கே, அவை நம்ம வீடுகளோட நிஜச் சொற்கள்தான்.

15. “இது என்ன? அது என்ன கலர்? மாடு எப்படிக் கத்தும்?” நாள் முழுக்க இப்படியே போனா அதுக்குப் பேர் பரீட்சை. கேள்வியைக் குறைச்சு, பார்க்கிறதைச் சும்மா சொல்லுங்க: “அட, மாடு அசை போடுது பாரு.” கேள்வியே கேட்காதபோதுதான் பதில் நிறைய வரும்.

16. விருந்தாளி வந்ததும் “மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு” என்று முன்னாடி நிறுத்தாதீங்க. அதை விட “மாமாவுக்கு முறுக்குத் தட்டைக் கொடுத்துட்டு வா” என்று ஒரு வேலை கொடுங்க. மாமா “தேங்க்ஸ்டா, எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு” என்பார், பேச்சு தானா பிறக்கும்.

17. குளிக்கும்போது ஒரு சொம்பு, ஒரு காலி ஷாம்பு பாட்டில், ஒரு டீ வடிகட்டி போதும். ஊத்து, நிரப்பு, கவிழ், சொட்டு, சூடு, ஜில்லு என்று அத்தனை சொல்லும் ஒரு பக்கெட் தண்ணிக்குள்ளே இருக்கு. உடம்பு உறுப்புகளைத் தனியா ‘கிளாஸ்’ எடுக்கத் தேவையில்லை, சோப்பு போகிற வழியெல்லாம் பேர் சொல்லிக்கிட்டே போங்க.

18. துணி மடிக்கிற வேலையை ஒத்திப்போட்டுப் பிள்ளை முழிச்சிருக்கிற நேரத்துக்கு வைங்க. “அப்பா சட்டை, பாப்பா சட்டை, பாட்டி புடவை” என்று பேர் சொல்லித் தனித்தனி அடுக்கா வைக்கச் சொல்லுங்க. ரெண்டு சொல் சேர்த்துப் பேச இதை விட லேசான பயிற்சி எனக்குத் தெரியலை.

19. யாரும் பார்க்காம ஓடற டிவியை முதல்ல நிறுத்துங்க. பின்னால டிவி ஓடினா வீட்டுப் பெரியவங்க பிள்ளைகிட்ட பேசற பேச்சே குறைஞ்சுபோகுது, பிள்ளையும் விளையாட்டுல நிலைக்காது. கரண்ட் பில்லும் மிச்சம்.

20. செல்போன் விஷயத்துல உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொன்ன கணக்கு நினைவுல வெச்சுக்க சுலபம்: 2 வயசு வரைக்கும் திரையே வேண்டாம், 2-லேர்ந்து 4 வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், குறைஞ்சா இன்னும் நல்லது. “ஆனா ரைம்ஸ் வீடியோ பார்த்து ஏபிசிடி சொல்றானே” என்பீங்க. ஒப்பிக்கிறது வேற, “எனக்குத் தண்ணி வேணும்” என்று கேட்கிறது வேற.

21. இதுக்கு ஒரு அழகான ஆராய்ச்சி இருக்கு. அமெரிக்காவுல பாட்ரிசியா குல் என்கிற விஞ்ஞானி 2003-ல வெளியிட்டது. ஒன்பது மாசக் குழந்தைகளை உட்கார வெச்சு, சீன மொழி பேசறவங்களை நேர்ல வந்து விளையாடிப் பேசச் சொன்னாங்க. அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரிச்சு அறியக் கத்துக்கிட்டாங்க. அதே ஆட்கள் அதே பேச்சைப் பேசினதை டிவியில பார்த்த குழந்தைகள் ஒண்ணும் கத்துக்கலை. ஆக, விலை உயர்ந்த டேப்லெட்டை விட வீட்டு வாசல்ல பூ கட்டற அக்கா மேல்.

22. வீடியோ கால் மட்டும் விதிவிலக்கு, எதிர்ப்பக்கம் பதில் பேசற ஆள் இருக்கறதால. ஊர்ல இருக்கிற தாத்தாவை “நல்லா இருக்கியா” என்று மட்டும் கேட்க விடாம, ஆட்டுக்குட்டியைக் காட்டச் சொல்லுங்க, வெத்தலைச் செல்லத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்க. பக்கத்துல நீங்க உட்கார்ந்து “தாத்தா என்ன வெச்சிருக்கார் பாரு” என்று பாலம் போட்டாத்தான் சின்னப் பிள்ளைக்கு ஒட்டும்.

23. சாப்பாடு ஊட்ட போன் இல்லாம முடியலையா? பழையபடி மொட்டை மாடிக்கோ ஜன்னலுக்கோ போயிடுங்க. காக்கா, அணில், துணி காயப்போடற எதிர் வீட்டம்மா, குப்பை வண்டி என்று காட்சி மாறிக்கிட்டே இருக்கும். கொஞ்ச நாள் அடம் இருக்கும், பசி வந்தா அடங்கும்.

24. பிள்ளைத்தமிழ்ல சப்பாணிப் பருவம், அம்புலிப் பருவம் என்று உண்டே, ஒண்ணு கைதட்டறது, இன்னொண்ணு நிலாவைக் கூப்பிடறது. இன்னிக்குப் பேச்சுப் பயிற்சியில சொல்லித்தர்ற சங்கதியும் இதேதான். கைதட்டல், டாட்டா, சாமி கும்பிடறது, “வா” என்று கையாட்டறது எல்லாம் சொல்லுக்கு முன்னால வர்ற பேச்சு, இதுக்கு நேரம் ஒதுக்குங்க.

25. குழந்தை விரல் நீட்டிக் காட்டினா வேலையை விட்டுட்டு அந்தப் பக்கம் திரும்புங்க. அது காட்டற பொருளோட பேரை அந்த நொடியில சொன்னா பச்சுன்னு ஒட்டும். நாம காட்டிச் சொல்றதை விட அது காட்டிக் கேட்கிறதுக்கு மவுசு அதிகம்.

26. உள்ளங்கையில முழங்கையால பருப்பு கடைஞ்சு, விரல் விரலா சோறு பங்கு போட்டு, அக்குள் வரைக்கும் ஊர்ந்து போய்க் கிச்சுகிச்சு மூட்டற விளையாட்டு எல்லாருக்கும் தெரியும். அதுல ஒரு சின்ன மாத்தம் பண்ணுங்க. ரெண்டு தடவை முழுசா விளையாடிட்டு, மூணாவது தடவை முழங்கை மடிப்புல விரலை நிறுத்திட்டு பிள்ளை முகத்தைப் பாருங்க. அது உடம்பை நெளிச்சு, உங்க கையைப் பிடிச்சு இழுத்து, “ம்ம்... ம்ம்” என்னும். அந்த “ம்ம்” ஒரு முழு வாக்கியம்! பதிலா விரலை ஓட்டுங்க.

27. பாட்டுலயும் இதே வித்தைதான். தினம் பாடற தாலாட்டு, சாய்ந்தாடற பாட்டு எதுவானாலும் ஒவ்வொரு அடியிலயும் கடைசிச் சொல்லை முழுங்கிடுங்க. பிள்ளை எடுத்துக் கொடுக்கும். குரல் நல்லா இல்லைன்னு கவலை வேண்டாம், இந்தக் கச்சேரிக்கு விமர்சகர் கிடையாது.

28. சொல் வராத பிள்ளைக்கு முதல்ல சத்தம் வரட்டும். ஆட்டோ டுர்ர்ர், குக்கர் உஸ்ஸ், நாய் லொள்லொள், கதவு டொக்டொக். தமிழ்ல இதுக்குப் பஞ்சமே இல்லை, அப்பளம் மொறுமொறு, வெண்டைக்காய் கொழகொழ, மழை சடசட என்று சாப்பாட்டுத் தட்டுலேர்ந்து வானம் வரைக்கும் இருக்கு.

29. ஒரே கதையைத் தினமும் கேட்டுப் படுத்தினா சலிச்சுக்காதீங்க. திரும்பத் திரும்பக் கேட்கிறதுலதான் சொல் நிலைக்குது. சலிப்பு உங்களுக்குத்தான் என்றால் நரிக்குப் பதிலா பூனையைப் போட்டுப் பாருங்க, குற்றம் கண்டுபிடிச்சுத் திருத்தறதுல ரெண்டரை வயசை மிஞ்ச ஆள் இல்லை.

30. படப் புத்தகத்துக்குக் காசு செலவழிக்கறதுக்கு முன்னாடி பிரதம் புக்ஸ் நடத்தற ஸ்டோரிவீவர் தளத்தைப் பாருங்க. 2015-லேர்ந்து தமிழ் உட்பட நிறைய மொழிகள்ல இலவசமா கதைகள் வெச்சிருக்காங்க, இறக்கி பிரிண்ட் எடுத்துக்கலாம். அரசு நூலகக் கிளைகள்லயும் சிறுவர் பகுதி இருக்கும். கையில வாங்கி வைக்கணும்னா குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவோட பாட்டுத் தொகுப்பு ஒண்ணு, தூலிகா போடற தமிழ்ப் படப் புத்தகம் ஒண்ணு ரெண்டு, அவ்வளவு போதும்.

31. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைத் தூக்கிப் போடாதீங்க. கெட்டியான அந்த அட்டையில சூப்பர் மார்க்கெட் நோட்டீஸ்ல வர்ற தக்காளி, பால் பாக்கெட், சோப்பு, பிஸ்கட் படங்களை வெட்டி ஒட்டி, ஓரத்துல துளை போட்டு நூல் கோத்துடுங்க. கடையில விக்கிற படங்கள்ல இருக்கிற இக்ளூவையும் ஸ்டிராபெரியையும் விட நம்ம வீட்டு அலமாரியில இருக்கிற சாமான் பிள்ளைக்குச் சீக்கிரம் பழகும்.

32. வரி வரியா படிச்சே ஆகணும்னு கட்டாயம் இல்லை. பக்கத்தைப் பிள்ளை புரட்டட்டும், தலைகீழாப் பிடிச்சாலும் சரி. அது நிற்கிற படத்துல நீங்களும் நில்லுங்க.

33. கல்யாண ஆல்பத்தை அலமாரியில பூட்டி வெச்சு என்ன பண்ணப் போறோம்? “இது யாரு? உன் அத்தை. இது சித்தப்பா, அப்போ மீசை இல்லை” என்று உறவுமுறை மொத்தமும் அதுல சொல்லிக் கொடுத்துடலாம். மாசம் ஒரு தடவை புரட்டினா அடுத்த விசேஷத்துல பிள்ளை யாரையும் பார்த்து மிரளாது.

34. கடைக்குக் கூட்டிட்டுப் போனா பிள்ளைக்கு ஒரே ஒரு சாமானைப் பொறுப்பா கொடுங்க: “நீ எலுமிச்சம்பழம்.” கடைக்காரர்கிட்ட கேட்கிறதும் அதுதான், பையில போடறதும் அதுதான். கூட்டம் இல்லாத காலை நேரமா பார்த்துப் போனா கடைக்காரருக்கும் பொறுமை இருக்கும்.

35. ரெண்டு வயசு நெருங்கும்போது ஒரே மூச்சுல ரெண்டு வேலை சொல்லிப் பாருங்க: “துண்டை எடுத்துட்டு வந்து அப்பாகிட்ட கொடு.” கை காட்டாம, கண்ணால ஜாடை பண்ணாம சொல்லுங்க. எவ்வளவு புரியுதுன்னு தெரிஞ்சுபோகும், உங்களுக்கும் ரெண்டு நடை மிச்சம்.

36. பஸ்ல ஜன்னல் சீட் கிடைச்சா போனை எடுக்காதீங்க. கரண்ட் போனா டார்ச்சை எடுத்துச் சுவத்துல நாய் நிழல், மான் நிழல் காட்டுங்க. ரெண்டும் இலவசப் பள்ளிக்கூடம்.

37. மூத்தது இருக்கிற வீட்ல சின்னதுக்குப் பதிலா அக்காவே பேசிடும்: “அவனுக்குத் தண்ணி வேணுமாம்.” அதட்டாதீங்க. “நீ டீச்சர், அவன் சொல்றானான்னு பார்த்துச் சொல்லு” என்று பதவி கொடுத்துட்டா, அக்காவே வாய் மூடிக் காத்திருப்பா.

38. செப்புச் சாமான், காலித் தீப்பெட்டி, உடைஞ்ச பழைய செல்போன் (பேட்டரியைக் கழட்டிட்டு) எல்லாம் சேர்ந்தா ஒரு நாடக மேடை. “அலோ, பாட்டியா? தோசை சுடறேன்” என்று பாவனையா விளையாடற வயசுல பேச்சு மளமளன்னு பெருகும். மூணு வயசுக்குக் கீழே சோழி, புளியங்கொட்டை, கோலிக்குண்டு மட்டும் கண்ணுல படவே வேண்டாம், தொண்டையில போய் அடைச்சுக்கும்.

39. வீட்ல தெலுங்கு, தெருவுல தமிழ் என்றால் குழப்பம் வந்து பேச்சு தாமதமாகும்னு பயப்படாதீங்க. ரெண்டு மொழி கேட்கிறது பேச்சுத் தாமதத்துக்குக் காரணம் இல்லை. சொற்களை எண்ணும்போது ரெண்டு மொழியிலயும் தெரிஞ்சதைச் சேர்த்து எண்ணணும், அவ்வளவுதான்.

40. பள்ளிக்கூட அட்மிஷனுக்காக வீட்ல “கம் ஹியர், சிட் டவுன், டோண்ட் டச்” என்று பேசறவங்க யோசிச்சுப் பாருங்க. அதுல கட்டளையைத் தவிர ஒண்ணும் இல்லை. நாம எந்த மொழியில சண்டை போடறோமோ, கதை சொல்றோமோ, புறம் பேசறோமோ, அந்த மொழியில பேசினாத்தான் பிள்ளைக்கு நிறைவான பேச்சு கிடைக்கும். இங்கிலீஷ் எங்கேயும் ஓடிப்போகாது, யூகேஜியில காத்துக்கிட்டு இருக்கு.

41. ராத்திரி படுக்கும்போது அன்னிக்கு நடந்ததை வரிசையா சொல்லுங்க: “காலையில பூங்கா போனோம், அப்புறம் மழை வந்துது, அப்புறம்?” நேத்து, இன்னிக்கு, முதல்ல, அப்புறம் எல்லாம் பாடமில்லாமலே வரும்.

42. மூணு வயசுல “ஏன்? ஏன்? ஏன்?” ஆரம்பிக்கும். மூணாவது ‘ஏன்’ வரும்போது “நீ என்ன நினைக்கிற?” என்று திருப்பிக் கேட்டுடுங்க. நீங்க கொஞ்சம் மூச்சு விட்டுக்கலாம், வர்ற பதிலும் சுவாரசியமா இருக்கும்.

43. ரெண்டுலேர்ந்து அஞ்சு வயசுக்குள்ள “நா... நா... நான் வந்து” என்று திக்கறது நிறையப் பிள்ளைகளுக்கு வந்து, தானா போயிடும். “மெதுவா சொல்லு, மூச்சு விட்டுச் சொல்லு” என்று திருத்தறதுக்குப் பதிலா, நீங்க நிதானமா பேசுங்க, சொல்லி முடிக்கிற வரைக்கும் கண்ணைப் பார்த்துக் கேளுங்க. பல மாசம் நீடிச்சாலோ, முகத்தைச் சுளிச்சுக் கஷ்டப்பட்டாலோ பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்கலாம்.

44. பேச்சு தெளியட்டும்னு நாக்குல வசம்பு இழைச்சுத் தடவற வழக்கம் பல வீடுகள்ல இருக்கு. பாட்டி மேல எவ்வளவு மரியாதை இருந்தாலும் இதை விட்டுடுங்க. வசம்புல இருக்கிற ஒரு வேதிப்பொருள் காரணமா அமெரிக்காவுல 1968-லேயே உணவுல சேர்க்கத் தடை போட்டாங்க. ஒரு வயசுக்குள்ள நாக்குல தேன் தடவறதும் வேண்டாம், அதுல கிளாஸ்ட்ரிடியம் கிருமியோட வித்துகள் இருந்தா பிஞ்சு உடம்பு தாங்காது. பாட்டியைச் சமாதானப்படுத்த, வசம்பு வளையலைக் கையில... அதுவும் வாய்க்குப் போகும், தொட்டில் கயித்துல எட்டாத உயரத்துல கட்டிடுங்க!

45. “நாக்கு அடியில ஒட்டியிருக்கு, அதான் பேசலை” என்று யாராவது சொன்னா உடனே கத்தரிக்கக் கிளம்பாதீங்க. நாக்கு ஒட்டு சில ஒலிகளைச் சொல்லவும் பால் குடிக்கவும் சிரமம் தரலாம், சொல்லே வராம பண்ணாது. சொல் வரலைன்னா முதல்ல பார்க்க வேண்டியது காது.

46. பிறந்த குழந்தைக்கு ஓஏஇ என்கிற காது கேட்கும் சோதனை உண்டு. குழந்தை தூங்கும்போதே காதுல ஒரு சின்னக் குமிழ் வெச்சுச் சில நிமிஷத்துல முடிச்சிடுவாங்க, வலி கிடையாது. டிஸ்சார்ஜ் ஆகறதுக்குள்ள “பண்ணியாச்சா?” என்று கேட்டு, ரிப்போர்ட்டைத் தடுப்பூசி அட்டையோட பின் பண்ணி வைங்க.

47. பின்னால போய்த் தட்டைத் தட்டிப் பார்த்து, “திரும்பினான், காது நல்லா கேட்குது” என்று முடிவு கட்டாதீங்க. நிழலைப் பார்த்தோ தரை அதிர்வுலயோகூடத் திரும்பும். தட்டுச் சத்தம் கேட்டு, மெல்லிய பேச்சு ஒலிகள் மட்டும் கேட்காத பிள்ளைகளும் உண்டு.

48. அடிக்கடி சளி, வாயைத் திறந்துக்கிட்டே தூக்கம், டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்றது, கூப்பிட்டா சில நாள் திரும்பறது சில நாள் இல்லை என்றால் செவிப்பறைக்குப் பின்னால நீர் கோத்திருக்கலாம். வலியே இல்லாம இருக்கும், அதான் தெரியறதில்லை. காதுல எண்ணெய் காய்ச்சி ஊத்தாம காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட காட்டுங்க.

49. “ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்”, “இவங்கப்பாவே நாலு வயசுலதான் பேசினார்” என்கிற ஆறுதல்கள்ல காலம் ஓடிடும். பையன்கள் கொஞ்சம் பின்தங்கறது உண்டு, அது சில வாரம் சில மாசக் கணக்கு, வருஷக் கணக்கு இல்லை. ஃபிரிட்ஜ் கதவுல இதை ஒட்டி வைங்க: 9, 10 மாசத்துல ‘பாபா, தாதா’ மாதிரி அசைகள், 12 மாசத்துல டாட்டாவோ விரல் நீட்டறதோ, 16 மாசத்துல ஒரு சொல்லாவது, 24 மாசத்துல “அம்மா வா” மாதிரி ரெண்டு சொல் சேர்த்து. இதுல ஒண்ணு தவறினா, பயப்படாம, தள்ளிப்போடாம, குழந்தை டாக்டரைப் பாருங்க.

50. பேசிக்கிட்டு இருந்த சொற்களைப் பிள்ளை எந்த வயசுலயாவது விட்டுட்டா, கண்ணைப் பார்க்கிறது குறைஞ்சா, பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பலைன்னா, காத்திருந்து பார்க்கிற பேச்சே வேண்டாம். அந்த வாரமே டாக்டர்கிட்ட.

51. தனியார்ல காசு கட்டறதுக்கு முன்னாடி அங்கன்வாடியில விசாரிங்க. 2013-ல தொடங்கின ராஷ்ட்ரீய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டத்துல டாக்டர் குழு அங்கன்வாடிப் பிள்ளைகளை வருஷத்துக்கு ரெண்டு தடவை பார்க்கணும். பிறந்ததுலேர்ந்து 18 வயசு வரைக்கும் இதுல சேர்த்தி, வளர்ச்சித் தாமதமும் அந்தப் பட்டியல்ல உண்டு. அவங்க எழுதிக் கொடுத்தா மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துல காது சோதனை, பேச்சுப் பயிற்சி எல்லாம் இலவசம். பிறவியிலேயே காது கேட்காத பிள்ளைக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷனுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலயே வழி இருக்கு. அதுக்கு வயசு வரம்பு உண்டு என்பதாலதான் சீக்கிரம் கண்டுபிடிக்கணும்னு அடிச்சுக்கிறோம்.

52. பேச்சுப் பயிற்சிக்குப் போறப்போ பிள்ளையை உள்ளே விட்டுட்டு வெளியே உட்கார்ந்து போன் பார்க்காதீங்க. கூடவே உட்கார்ந்து அவங்க என்ன பண்றாங்கன்னு பார்த்து, அதையே வீட்ல குளிக்கும்போதும் ஊட்டும்போதும் பண்ணுங்க. வாரத்துக்கு ஒரு மணி நேரப் பயிற்சி வாரம் முழுக்க ஓடும், கட்டின காசும் செரிக்கும்.

53. டாக்டர் அறையில போனதும் எந்தப் பிள்ளையும் ஊமை வேஷம் கட்டும். அதனால வீட்ல சாதாரணமா விளையாடும்போது ரெண்டு நிமிஷ வீடியோ ஒண்ணு எடுத்து வைங்க. தினசரிக் காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு, புதுசா சொன்ன சொல்லை அன்னிக்குத் தாள்லயே எழுதி ஒரு கிளிப்புல மாட்டுங்க. தேதி முன்பக்கமே இருக்கு, தனியா எழுத வேண்டியதில்லை.